அவைக்கு வராத உறுப்பினர்களின் தொகுதி: ‘ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட்’ இணையச் சேவை பற்றி ஒரு மதிப்புரை

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பழைய தொகுதிகளைப் பற்றி இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைப்பவற்றுள் ‘ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட்’ என்ற சேவையே முதலில் நாடத் தக்கது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற வெட்ஜ்வுட் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசையா வெட்ஜ்வுட் என்ற உறுப்பினர் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் தொடங்கிவைத்த இம்முயற்சி, 1951 முதல் லூயிஸ் நேமியர் போன்ற வரலாற்றாசிரியர்களின் கைக்கு மாறிப் பெரும் தொகுதி நூல்களாக வெளிவந்து, பின்னர் இணையத்திலும் ஏறியது. நூலகங்களின் குறிப்புதவிப் பிரிவில் மட்டுமே இருந்த அந்தக் கனத்த நூல்களை இன்று எந்த ஊரிலிருந்தும், உறுப்பினராகப் பதிவு செய்துகொள்ளாமலேயே, கைப்பேசியில் திறந்து படிக்கலாம். இங்கிலாந்தின் தொகுதிகளுக்கு இச்சேவை எவ்வளவு பயன்படும் என்பது பலரும் அறிந்ததே. அயர்லாந்துக்கு அது எந்த அளவு உதவும் என்பதைப் பார்ப்பதே இம்மதிப்புரையின் நோக்கம் என்பதால், கிளேர் என்ற ஒரே தொகுதியை உரைகல்லாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அயர்லாந்தின் மேற்கில், ஷானன் ஆற்றுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் இடையே, என்னிஸைத் தலைநகராகக் கொண்ட கிளேர் மாவட்டம், 1801 முதல் 1885 வரை லண்டன் அவைக்கு 2 உறுப்பினர்களை அனுப்பியது. அதன் பிறகு கிழக்குக் கிளேர், மேற்குக் கிளேர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டு 1922 வரை நீடித்தது. இத்தொகுதியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வென்றவர்களுள் ஒருவர் அவைக்குள் போயும் அமர அனுமதிக்கப்படவில்லை. மற்றொருவர் உலகத்தின் மறுகோடியில் இருந்துகொண்டு வரவே இல்லை. இன்னொருவர் வரமாட்டேன் என்று சொல்லியே வாக்குக் கேட்டார். அவையில் பேசப்பட்டதை மட்டும் பதிந்து வைத்த ஏடுகளைப் புரட்டி இத்தகைய தொகுதியின் வரலாற்றை அறிந்துவிட முடியாது. தொகுதிக்குள் நடந்ததைச் சொல்லும் ஒரு சேவை வேண்டும்.

‘ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட்’ அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் தனிக் கட்டுரை உண்டு. தொடக்கத்தில் வாக்குரிமை யாருக்கு இருந்தது, வாக்காளர் தொகை ஏறக்குறைய எவ்வளவு என்பன போன்ற அடிப்படைத் தகவல்கள் வருகின்றன. அடுத்து, தேர்தல்கள் நாள் வாரியாகவும், வேட்பாளர்கள் பெற்ற வாக்குகளோடும் அட்டவணையாகத் தரப்படுகின்றன. பெயரைத் தொட்டால் அந்த உறுப்பினரின் வாழ்க்கைக் கட்டுரை திறக்கிறது. அட்டவணைக்குக் கீழே வரும் நீண்ட கட்டுரைதான் இச்சேவையின் உயிர்நாடி: எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நிலம் இருந்தது, எந்த நிலக்கிழார் எவரோடு சேர்ந்தார், யாருடைய கடிதத்தில் யாரைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பனவெல்லாம் குடும்ப ஆவணங்களிலிருந்தும் அக்காலச் செய்தித்தாள்களிலிருந்தும் திரட்டித் தரப்பட்டிருக்கின்றன.

கிளேருக்கு இங்கே ஒன்றல்ல, இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன என்பதைப் புதிதாக வருபவர் கவனிக்க வேண்டும். 1790 முதல் 1820 வரையிலான வரிசையில் ஒன்றும், 1820 முதல் 1832 வரையிலான வரிசையில் மற்றொன்றும் உள்ளன. முதல் வரிசை 1986-இலும் இரண்டாவது வரிசை 2009-இலும் அச்சில் வந்தவை. இரண்டிற்கும் நடுவே ஒரு தலைமுறைக்கான ஆய்வு வளர்ச்சி இருக்கிறது. பிந்தையது விரிவிலும் ஆதாரச் செறிவிலும் முந்தையதை விட வெகுவாக மேலானது. தேடுபெட்டியில் கிளேர் என்று தட்டி முதலில் வருவதை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் 1828-ஐத் தவறவிடக்கூடும். 1828-ஐத் தவறவிட்டால் கிளேரைப் படிக்காததற்குச் சமம்.

அந்த ஆண்டின் கதையை அறியாதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அமைச்சர் பதவி ஏற்கும் உறுப்பினர் தம் இடத்தை இழந்து மீண்டும் மக்களிடம் போய் வென்று வர வேண்டும் என்ற விதி அன்று இருந்தது. (1926 வரை அது முழுமையாக நீங்கவில்லை.) வெல்லிங்டன் பிரபுவின் அரசில் வணிக வாரியத் தலைவராக நியமிக்கப்பட்ட வில்லியம் வெஸி ஃபிட்ஸ்ஜெரால்ட் அவ்விதிப்படியே கிளேருக்குத் திரும்பி வந்தார். அது வெறும் சடங்கு என்றே எல்லாரும் எண்ணினார்கள். அவர் கத்தோலிக்கர்களின் உரிமைக் கோரிக்கையை ஆதரித்து வாக்களித்து வந்தவர். குத்தகைதாரர்களிடம் நல்ல பெயர் எடுத்தவர். அவருடைய தந்தை ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட், அயர்லாந்தின் தனி நாடாளுமன்றத்தை ஒழித்து லண்டனோடு இணைக்கும் திட்டத்தை எதிர்த்ததற்காக உயர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். இப்படிப்பட்ட ஒருவரை எதிர்க்க ஆள் கிடைப்பது எளிதாக இல்லை. வெல்லிங்டன் அரசை ஆதரிக்கும் எவரையும் எதிர்ப்பது என்று உறுதி பூண்டிருந்த கத்தோலிக்கச் சங்கம், முதலில் ஒரு புராட்டஸ்டன்ட் வேட்பாளரைத் தேடியது. அவர் மறுத்த பிறகே, சங்கத்தின் தலைவரும் வழக்கறிஞருமான டேனியல் ஓ’கானல் தாமே நிற்பது என்று முடிவாயிற்று.

கத்தோலிக்கர் தேர்தலில் நிற்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை; தடை இருந்தது அவையில் எடுக்க வேண்டிய உறுதிமொழியில்தான். கத்தோலிக்கத் திருப்பலியும் புனிதர்களை நோக்கிய வேண்டுதலும் உருவ வழிபாடு என்று அறிவித்தால்தான் இருக்கை கிடைக்கும். ஆகவே ஒரு கத்தோலிக்கர் வெல்லலாம், அமரத்தான் முடியாது. இந்தச் சட்ட முரணைத் தேர்தல் களத்துக்கு இழுத்து வந்து அரசின் முன்னால் நிறுத்தியதே ஓ’கானலின் திறமை. வழக்கறிஞர் மூளை என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

என்னிஸ் நீதிமன்றத்தில் வேட்புமனு முன்மொழியப்பட்ட காட்சியும், ஜூலை 1 முதல் 5 வரை நீடித்த வாக்குப்பதிவும்தான் இக்காலத்தின் உச்சம். தம்மை முன்னிறுத்திப் பேசிய ஃபிட்ஸ்ஜெரால்ட், நோயுற்றிருந்த தம் தந்தையைக் குறிப்பிடுகையில் கண் கலங்கினார். கூட்டத்தில் பலரும் அவரோடு கலங்கினார்கள். ஆனால் வாக்கு வேறு பக்கம் போயிற்று. வாக்கு அன்று பகிரங்கமானது. இரகசிய வாக்குச்சீட்டு 1872-இல்தான் வந்தது. வாக்காளர்களுள் மிகப் பெரும்பாலோர், ஆயுள் குத்தகையில் நிலம் வைத்திருந்து, வாடகை போக ஆண்டுக்கு 40 ஷில்லிங் (2 பவுண்டு) மதிப்பு தேறும் சிறு விவசாயிகள். நிலக்கிழார்கள் தம் செல்வாக்கைப் பெருக்கவே இத்தகைய குத்தகைகளை அள்ளி வழங்கினார்கள். தேர்தல் நாளில் மேலாளர் முன்னே நடக்க, குத்தகைதாரர்கள் பின்னே அணிவகுத்து வந்து அவர் சொன்ன பெயரைச் சொல்லிவிட்டுப் போவதே வழக்கம். 1828-இல் அணிவகுப்பு மாறவில்லை, முன்னே நடந்தவர்தான் மாறினார். ஊர் ஊராகப் பாதிரியார்கள் தம் மக்களை என்னிஸுக்கு அழைத்து வந்தார்கள். தேர்தல் முடியும்வரை யாரும் மது தொடக்கூடாது என்ற கட்டளை, திரண்ட பெருங்கூட்டத்தால் மீறப்படாமல் காக்கப்பட்டது. அயர்லாந்துத் தேர்தல்களில் சாராயம் ஆறாக ஓடிய காலம் அது என்பதை நினைத்தால்தான், அருகில் நிறுத்தப்பட்டிருந்த படைகளுக்கு வேலை இல்லாமற் போனதன் பொருள் விளங்கும். ஓ’கானலுக்கு 2,057 வாக்குகளும் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 982 வாக்குகளும் கிடைத்தன.

இச்சேவையின் சிறப்பு, இந்த வெற்றியை வீரக் கதையாக மட்டும் விட்டுவிடாததில் இருக்கிறது. தொகுதிக் கட்டுரையில் இருந்து ஃபிட்ஸ்ஜெரால்டின் வாழ்க்கைக் கட்டுரைக்குப் போனால், தோற்றவருடைய பக்கமும் தெரிகிறது. அவர் கெட்ட வேட்பாளராக இருந்து தோற்கவில்லை. நல்ல நிலக்கிழார் என்ற தகுதி இனி போதாது என்று ஆகிவிட்டதால் தோற்றார். உள்துறை அமைச்சர் ராபர்ட் பீலுக்கு அவர் அனுப்பிய அதிர்ச்சிக் கடிதங்கள், அரசை மனம் மாற வைத்தவற்றுள் அடங்கும். இந்திய வாசகர்களுக்கு ஒரு சிறு இடைக்குறிப்பு: கிளேரில் தோற்ற இதே மனிதர், பிரபுப் பட்டம் பெற்றபின், 1841 முதல் 1843-இல் இறக்கும்வரை, கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வையிட்ட கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்தார்.

1829 ஏப்ரல் 13-இல் கத்தோலிக்கர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஆனால் புதிய உறுதிமொழி, சட்டத்துக்குப் பின் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கே பொருந்தும் என்று அச்சட்டத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். குறி யார் என்பது வெளிப்படை. மே 15 அன்று அவைக்கு வந்த ஓ’கானலிடம் பழைய உறுதிமொழி நீட்டப்பட்டது, அவர் மறுத்தார். மே 18-இல் அவையின் தடுப்புக்கு அப்பால் நின்று தம் வழக்கைத் தாமே வாதாடினார். 116-க்கு எதிராக 190 வாக்குகளால் அவை அதை நிராகரித்தது. பின்னர் மீண்டும் உறுதிமொழியைக் கொடுத்துக் கேட்டபோது, அதில் ஒரு கூற்று பொய் என்பது தமக்குத் தெரியும் என்றும், மற்றொன்று உண்மையல்ல என்பது தம் நம்பிக்கை என்றும் சொல்லித் திருப்பித் தந்தார். கிளேர் அவரை ஜூலை 30-இல் போட்டியின்றி மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பியது.

போட்டியின்றி என்ற அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு கசப்பு மறைந்திருக்கிறது. தொகுதி வரலாற்றை அட்டவணையோடு சேர்த்துப் படிப்பவர்களுக்கே அது புலப்படும். உரிமைச் சட்டத்தோடு கூடவே, அயர்லாந்து மாவட்டங்களில் 40 ஷில்லிங் வாக்குரிமை ஒழிக்கப்பட்டு, 10 பவுண்டு வரம்பு கொண்டுவரப்பட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ 2,16,000 ஆக இருந்த மாவட்ட வாக்காளர் தொகை 37,000 அளவுக்குச் சுருங்கியது. நிலக்கிழாரின் கண் முன்னால் அவருக்கு எதிராகப் பெயரைச் சொல்லி, குத்தகை போனாலும் போகட்டும் என்று துணிந்த கிளேர் விவசாயிகளுள் பெரும்பாலோர், தாம் வென்று கொடுத்த சட்டத்தின் விலையாகத் தம் வாக்கையே இழந்தார்கள். ஓ’கானலோ, 1830 பொதுத்தேர்தலில் கிளேரை விட்டு வாட்டர்ஃபோர்டுக்குப் போய்விட்டார். இதை ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாற்றில் படித்தால் ஒரு வரியில் கடந்துவிடுவோம். தொகுதியின் வரலாறாகப் படிக்கும்போதுதான் அதன் கனம் உறைக்கிறது. தலைவர்களுக்குப் பதிலாக ஊர்களை அலகாகக் கொண்ட இம்முறைக்கு இதைவிட வலுவான பரிந்துரையை என்னால் தர இயலாது.

குறைகளும் உண்டு. கட்டுரையின் நடை செறிவானது. ஒரே பத்தியில் பத்துக் குடும்பப் பெயர்கள் வரும். அன்றைய இரு பெரும் அரசியல் அணிகளில் யார் விக், யார் டோரி என்பதை வாசகர் முன்கூட்டியே அறிந்திருப்பார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அடிக்குறிப்புகள் சுருக்கெழுத்துகளால் ஆனவை. அச்சு நூலின் சுருக்கப் பட்டியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கே அவை எளிதில் பிடிபடும். மாவட்டத்தின் நில அமைப்பை மனத்தில் கொள்ள, பக்கத்தில் ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இவையெல்லாம் சிறியவை. பெருங்குறை, கிளேரின் கதை 1832-ஓடு நின்றுவிடுவது. தொகுதிக்கு இன்னும் 53 ஆண்டுகள் ஆயுள் இருக்கிறது. சேவை தரும் முழுமையான கட்டுரைகள் அங்கே முடிந்துவிடுகின்றன.

மீதிக்கு, 1803 முதல் 2005 வரையிலான நாடாளுமன்ற விவாதங்களைத் தரும் ‘ஹிஸ்டாரிக் ஹேன்சார்ட்’ என்ற மற்றோர் இலவசச் சேவையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதிலும் தொகுதி வாரியான பக்கங்கள் உண்டு. யார் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை உறுப்பினர் என்ற வரிசையை அவை தருகின்றன. அச்சுப் பக்கங்களைக் கணினி படித்து எழுத்தாக்கியதால் ஆங்காங்கே எழுத்துகள் பிறழ்ந்திருக்கும் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அத்துடன், 1909-க்கு முந்தைய ஹேன்சார்ட் சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்ட பதிவன்று. பெரும்பாலும் செய்தித்தாள் அறிக்கைகளிலிருந்து தொகுக்கப்பட்டது. ஓ’கானல் பேசியதாக அதில் இருப்பது, அவர் பேசியதை ஒரு நிருபர் கேட்டுக் குறித்ததே என்ற நினைவோடு படிப்பது நலம்.

இந்தச் சேவையில் கிளேரைத் தேடுபவர், சர் பிரையன் ஓ’லோக்லென் என்ற பெயரில் நின்று போக வேண்டும். அவருடைய அண்ணன் சர் கோல்மன் 1863 முதல் கிளேர் உறுப்பினராக இருந்து 1877-இல் இறந்தார். அந்த இடத்துக்குத் தம்பி தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் தம்பி அப்போது ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்தார். லண்டனுக்கு வந்து இருக்கையில் அமரவே இல்லை. விக்டோரியா காலனியின் அட்டர்னி ஜெனரலாக அவர் பதவியேற்றதால், அரசியின் கீழ் ஊதியப் பதவி ஏற்றவர் என்ற காரணம் காட்டி 1879-இல் அவருடைய இடம் காலி என்று அறிவிக்கப்பட்டது. பின்னாளில் அவர் விக்டோரியாவின் பிரதமராகவே ஆனார். அவர் காமன்ஸ் சபையில் பேசிய ஒரு சொல்லும் ஹேன்சார்டில் இருக்க வழியில்லை. அவர் இடம் காலியா இல்லையா என்று மற்றவர்கள் பேசியதுதான் இருக்கும்.

அந்தக் காலி இடத்தில் 1879-இல் வந்தவர் ஓ’கோர்மன் மஹோன். 1828-இல் என்னிஸ் நீதிமன்றத்தில் ஓ’கானலின் பெயரை முன்மொழிந்த அதே இளைஞர்தான், அரை நூற்றாண்டுக்குப் பிறகு முதியவராகத் திரும்பி வந்தார்! 1830-இல் கிளேரில் வென்று, முறைகேட்டுப் புகாரில் இடம் இழந்து, 1847 முதல் 1852 வரை என்னிஸ் நகரத் தொகுதிக்கு உறுப்பினராக இருந்து, ஒற்றைக்கு ஒற்றைத் துப்பாக்கிச் சண்டைகளுக்குப் பெயர் எடுத்து, உலகம் சுற்றி வந்தவர் அவர். 1880 பொதுத்தேர்தலில் அவரோடு இரண்டாவது உறுப்பினராக வென்றவர் கேப்டன் வில்லியம் ஓ’ஷே. ஓ’ஷேயை, ஐரிஷ் தன்னாட்சிக் கட்சியின் தலைவரான பார்னெலுக்கு அறிமுகப்படுத்தியவர் மஹோனே. ஓ’ஷேயின் மனைவி கேத்தரினுக்கும் பார்னெலுக்கும் இருந்த உறவு 1890-இல் விவாகரத்து வழக்காக வெடித்து, அயர்லாந்தின் மாபெரும் தலைவரைக் கீழே தள்ளியது. கிளேரின் கடைசி இரண்டு உறுப்பினர்களாக 1885-இல் தொகுதியை முடித்துவைத்தவர்கள் இவ்விருவரும்தான். இவ்வளவையும் ஹேன்சார்டின் தொகுதிப் பக்கம் இரண்டு பெயர்கள், இரண்டு தேதிகள் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. ‘ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட்’ போன்ற கட்டுரை இந்தக் காலத்துக்கு இல்லாதது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இங்கேதான் தெரிகிறது. மஹோன் 1832-க்கு முன்பே உறுப்பினரானதால் அவருடைய வாழ்க்கைக் கட்டுரை மட்டும் சேவையில் கிடைக்கிறது. அதை விடாமல் படியுங்கள்.

பிரிக்கப்பட்ட பின் வந்த தொகுதிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். மேற்குக் கிளேரில் 1909 முதல் 1918 வரை உறுப்பினராக இருந்த ஆர்தர் லிஞ்ச், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டனுக்கு எதிராகப் போரிட்டதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின் மன்னிக்கப்பட்டவர். கிழக்குக் கிளேரை 1892 முதல் வைத்திருந்த வில்லி ரெட்மண்ட், ஐம்பது வயதைக் கடந்தபின் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, 1917 ஜூன் 7 அன்று பெல்ஜியத்தின் மெஸீன் போர்க்களத்தில் உயிர் நீத்தார். அந்த இடத்துக்கான இடைத்தேர்தலில், சிறையிலிருந்து அப்போதுதான் விடுதலையாகியிருந்த ஈமன் டி வலேரா, ஜூலை 10 அன்று 5,010 வாக்குகள் பெற்று, 2,035 வாக்குகள் பெற்ற பாட்ரிக் லிஞ்சை வென்றார். வென்றால் லண்டனுக்குப் போகமாட்டேன் என்பதே அவர் சார்ந்த, அயர்லாந்தின் விடுதலையைக் கோரிய ஷின் ஃபெயின் கட்சியின் வாக்குறுதி. ஓ’கானலை உள்ளே விடவில்லை. டி வலேரா உள்ளே போகவில்லை. ஹேன்சார்டில் அவர் குரலைத் தேடிப் பயனில்லை.

அதற்கு ஐரிஷ் நாடாளுமன்றமான ஒய்ராக்டஸின் இணையதளத்துக்குப் போக வேண்டும். 1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் கூடிய முதல் டோலின் (டோல் என்பது ஐரிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை) நடவடிக்கையிலிருந்து அங்கே விவாதங்கள் கிடைக்கின்றன. இதற்கும் கட்டணம் இல்லை. அன்றைய வருகைப் பதிவில் டி வலேரா உள்ளிட்ட பல உறுப்பினர்களின் பெயருக்கு எதிரே, அந்நியரால் சிறை வைக்கப்பட்டிருக்கிறார் என்ற பொருள்படும் ஐரிஷ் குறிப்பு இருக்கிறது. கிழக்குக் கிளேரின் உறுப்பினர் தம் சொந்த அவையின் முதல் நாளிலும் லிங்கன் சிறையில் இருந்தார். முதல் நாள் நடவடிக்கை பெரும்பாலும் ஐரிஷ் மொழியில் நிகழ்ந்ததால், ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் மொழிபெயர்ப்புக் கருவியைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு கிளேர்களும் 1921-இல் 4 உறுப்பினர்களைக் கொண்ட ஒரே தொகுதியாக மீண்டும் இணைக்கப்பட்டன. டி வலேரா 1959-இல் குடியரசுத் தலைவராகும்வரை அதன் உறுப்பினராகவே இருந்தார். அந்தக் காலத்து விவாதங்களை உறுப்பினர் பெயர் வாரியாகவும் நாள் வாரியாகவும் அத்தளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.